நகரப் புத்தாக்கம்: வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

பழைய சந்தைத் தெரு, இடிந்து விழும் நிலையில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு, சாக்கடையாகிப் போன ஆற்றங்கரை என்று எதைச் சீரமைக்கப் போனாலும் முதலில் ஒரு விரிவான திட்ட அறிக்கை வரும். வண்ணப் படங்கள் இருக்கும், நிழல் தரும் மரங்கள் இருக்கும், மதிப்பீடு பைசா வரைக்கும் இருக்கும். 'செயல்படுத்தும் அமைப்பு' என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரே வரி. பெரும்பாலும் நிதி எந்தத் துறையின் கணக்கில் வந்து சேர்கிறதோ, அந்தத் துறையின் பெயர்தான் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

அந்த ஒற்றை வரிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால், எந்த அமைப்பும் தன் கையில் இருக்கும் அதிகாரத்தை வைத்துத்தான் வேலை செய்யும். நிலம் வைத்திருக்கும் அமைப்பு நிலத்தை விற்கும். பணம் மட்டும் வைத்திருக்கும் அமைப்பு, வழக்கு வம்பு இல்லாத இடத்தில் நடைபாதையும் விளக்கும் போடும். ஊருக்கு வெளியே மனை வைத்திருக்கும் அமைப்பு மக்களை அங்கே கொண்டுபோய் விடும். அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே விளைவையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம். வரைபடம் என்ன சொன்னாலும் சரி.

முதலில் நிலப் பட்டியல்

கம்பெனியா, வாரியமா, ஆணையமா, அறக்கட்டளையா என்ற விவாதத்தைத் தொடங்குமுன் மேஜையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். திட்டப் பகுதியில் உள்ள ஒவ்வொரு நில அளவை எண்ணுக்கும் ஒரு வரி. அதில் பரப்பு, நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ள பெயர், வகைப்பாடு, உண்மையில் அனுபவத்தில் இருப்பவர், வில்லங்கச் சான்றில் தெரிவது, நிலுவையில் உள்ள வழக்கு எண் ஆகியவை இருக்க வேண்டும். தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டால் கிடைக்கக்கூடிய விவரங்கள்தான். ஆனால் களத்தில் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்காத பட்டியலை நம்பக்கூடாது.

நம் ஊர்ப் பழைய நகர மையம் ஒன்றில் ஒரு கிலோமீட்டர் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. நடைபாதையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை. அடியில் ஓடும் குடிநீர், பாதாளச் சாக்கடைக் குழாய்கள் சென்னையானால் குடிநீர் வாரியத்தின் கையில், மற்ற ஊர்களில் மாநகராட்சியின் வேறொரு பிரிவின் கையில். மின்கம்பி மின்வாரியத்துடையது. சந்தைக் கட்டடம் மாநகராட்சிச் சொத்து. அதை ஒட்டிய கடை வரிசை கோவில் நிலம். பின்னால் ஓடும் வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. மீதி தனியார் பட்டா; அதில் பாதியில் வாடகைதாரர்கள், சிலர் இரண்டு தலைமுறையாக.

கோவில் நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரை, கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற ஊர்களில் நகர மையத்தின் கணிசமான பகுதி கோவில், மடம், கட்டளைச் சொத்து. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி அதை விற்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ தனி அனுமதி வேண்டும். அந்த நிறுவனத்துக்கு அவசியமானது அல்லது நன்மை தருவது என்று காட்டியாக வேண்டும். இதைக் கவனிக்காமல் 30 ஆண்டுக் குத்தகையை நம்பி நிதிக் கணக்குப் போட்ட திட்டம் முதல் கூட்டத்திலேயே நின்றுவிடும். அறநிலையத் துறை அந்த அமைப்பின் இயக்குநர் குழுவில் உட்கார வேண்டுமா, வெளியிலிருந்து அனுமதி தந்தால் போதுமா என்பதைப் பட்டியலில் உள்ள சதவீதம் சொல்லிவிடும்.

என் கணக்கு இப்படி. நிலத்தில் நான்கில் மூன்று பங்கு ஒரே அரசு அமைப்பின் பெயரில் இருந்தால் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். அந்த அமைப்புக்குள்ளேயே தனிப் பிரிவும் தனிக் கணக்கும் போதும். பல அரசுத் துறைகளுக்குள் சிதறிக் கிடந்தால், நிலத்தை ஒரே பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் சட்டமோ அரசாணையோ கொண்ட அமைப்பு வேண்டும். தனியார் பட்டாவும் வாடகைதாரர்களும் அதிகம் என்றால், பேச்சுவார்த்தை நடத்தவும் மறுகுடியமர்த்தவும் தெரிந்த ஆட்கள் வேண்டும். பொறியாளர்கள் நிறைந்த கம்பெனியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

எல்லா அதிகாரமும் ஒரே கையில்: லண்டன் டாக்லேண்ட்ஸ்

இந்த விவாதத்தில் எப்போதும் வரும் உதாரணம் லண்டனின் பழைய துறைமுகப் பகுதி. கொள்கலன் கப்பல்கள் வந்தபின் தேம்ஸ் கரைத் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக ராயல் டாக்ஸ் 1981-இல் மூடியது. அதற்கு முன் 1974-இலிருந்து உள்ளாட்சிகள் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்று இருந்தது, 1976-இல் திட்டமும் போட்டது. நிலம் துறைமுக ஆணையம், எரிவாயு நிறுவனம், பெருநகர மன்றம் என்று பலர் பெயரில் இருந்ததால் திட்டம் காகிதத்தைத் தாண்டிப் பெரிதாக நகரவில்லை.

1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1981-இல் லண்டன் டாக்லேண்ட்ஸ் வளர்ச்சிக் கழகம் வந்தது. சுமார் 22 சதுர கிலோமீட்டர். பொது அமைப்புகளின் நிலத்தை நாடாளுமன்ற ஆணை மூலம் நேரடியாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் அதிகாரம், கட்டட அனுமதி வழங்கும் அதிகாரம், மத்திய அரசின் நேரடி நிதி, மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன. டவர் ஹாம்லெட்ஸ், நியூஹாம், சதர்க் ஆகிய மூன்று உள்ளாட்சிகளும் ஓரங்கட்டப்பட்டன. நிலம் கைமாறும் வேகம் தலைகீழாக மாறியது. கேனரி வார்ஃப் என்ற பெரிய அலுவலக வளாகம் அங்கேதான் எழுந்தது.

அந்தக் கழகத்தின் கையில் எது இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பெரிய ரயில் போக்குவரத்தை முடிவு செய்வது அதன் வேலை இல்லை. கிடைத்த சிறிய தொகையில், சுமார் 7.7 கோடி பவுண்டில், 1987-இல் இலகு ரயில் ஒன்று வந்தது. பிறகு கேனரி வார்ஃப் அளவுக்கு அலுவலகங்கள் எழ, அந்த ரயில் திணறியது. அலுவலகக் கட்டடங்களின் விற்பனை சரிந்து, 1992-இல் கேனரி வார்ஃபைக் கட்டிய நிறுவனம் நொடித்தது. ஜூபிலி சுரங்க ரயில் 1999-இல்தான் அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கழகம் கலைக்கப்பட்டுவிட்டது. நிலத்தையும் அனுமதியையும் ஒரு அமைப்பிடம் கொடுத்து, போக்குவரத்தை வேறிடத்தில் வைத்தால் இந்த இடைவெளி வந்தே தீரும்.

இன்னொரு குறை, அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு எட்டும் விலையில் வீடு தருவது கழகத்தின் முதல் கடமையாக எழுதப்படவில்லை. எழுதப்படாததை எந்த அமைப்பும் முதலில் செய்வதில்லை. 2012-இல் ஒலிம்பிக் பூங்காவுக்காக உருவான லண்டன் பாரம்பரிய வளர்ச்சிக் கழகம் இந்தப் பாடத்தில் பாதியைக் கற்றுக்கொண்டது. அது மேயருக்குப் பொறுப்பானது, சுற்றியுள்ள நான்கு உள்ளாட்சிகளுக்கும் குழுவில் இடம் உண்டு. கட்டட அனுமதி அதிகாரத்தை 2024 டிசம்பரில் உள்ளாட்சிகளிடமே திருப்பிக் கொடுத்தும் விட்டது.

இப்படிப்பட்ட கழகம் நமக்குப் பொருந்துமா? மூடிய ஆலை, கைவிட்ட ரயில் யார்டு, பழைய துறைமுகச் சரக்குக் கிடங்கு என்று, குடியிருப்பவர் குறைவாகவும் அரசு நிலம் மிகுதியாகவும் உள்ள பெரிய பரப்புக்குப் பொருந்தும். மக்கள் நெருக்கமாக வாழும் பழைய நகர மையத்துக்கு இது ஆபத்தான கருவி.

ஸ்மார்ட் சிட்டி கம்பெனிகள் சொல்வது என்ன

இந்தியா 2015 ஜூன் 25-இல் ஸ்மார்ட் சிட்டி இயக்கத்தைத் தொடங்கி வேறு வழியைத் தேர்ந்தது. 100 நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் நிறுவனச் சட்டத்தின் கீழ் ஒரு சிறப்பு நோக்க நிறுவனம், பேச்சுவழக்கில் எஸ்.பி.வி. பங்குகள் மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் சரிபாதி. மத்திய அரசு ஐந்தாண்டில் 500 கோடி ரூபாய், அதே அளவுக்கு மாநிலமும் உள்ளாட்சியும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருநெல்வேலி, திருப்பூர், தூத்துக்குடி, ஈரோடு என 11 நகரங்கள். இந்த இயக்கம் 2025 மார்ச் 31-இல் முடிந்தது.

கம்பெனி வடிவத்தில் நன்மை இல்லாமல் இல்லை. டெண்டர், பணப் பட்டுவாடா எல்லாம் ஒரே குழுவின் கீழ் வருகின்றன. வல்லுநரைச் சந்தைச் சம்பளத்தில் எடுக்கலாம். ஆண்டுக் கணக்கு, நாட்டின் தலைமைத் தணிக்கை அமைப்பான சி.ஏ.ஜி. நியமிக்கும் தணிக்கையாளர் கைக்குப் போகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பொருந்தும். சென்னை பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தபோது, தமிழ்நாட்டுக் கடைவீதி ஒன்றில் நடப்பவருக்கு இவ்வளவு அகலம் கொடுக்க முடியும் என்பதைப் பலர் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள். அது சிறிய சாதனை இல்லை.

ஆனால் அந்தக் கம்பெனிகளின் கையில் என்ன இருந்தது? பணம் இருந்தது, கெடு இருந்தது. நிலம் இல்லை. நிலம் எடுக்கும் அதிகாரம் இல்லை. நகரின் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) மாற்றும் அதிகாரம் இல்லை. விளைவு நாடு முழுக்க ஒரே மாதிரி வந்தது: சாலை, எல்.இ.டி. விளக்கு, பூங்கா, பேருந்து நிலையம், பல அடுக்கு வாகன நிறுத்தம், கண்காணிப்பு அறை. எல்லாமே மாநகராட்சி நிலத்தில், வழக்கில்லாத இடத்தில் கட்டக்கூடியவை. பழைய நகரின் ஆழமான சிக்கல்களான உரிமைத் தகராறும் பழுதான தனியார் கட்டடங்களும் அப்படியே நின்றன. அதிகாரிகள் சோம்பேறிகள் என்பதல்ல காரணம். கொடுத்த கருவியால் செய்ய முடிந்ததைச் செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு துயரமும் சேர்ந்தது. உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் மாமன்றமே இல்லை. திட்டங்களில் பெரும்பகுதி முடிவானது அந்தக் காலத்தில்தான். பல ஊர்களில் ஆணையரே தனி அலுவலராக மாமன்றத்தின் இடத்திலும் இருந்தார், கம்பெனியின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே என்றால் தவறு நடக்கும்போது நிறுத்த யாரும் இல்லை. வார்டு உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால், 'இந்த இடத்தில் மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், நடைபாதையை உயர்த்தினால் எதிர் வீட்டுக்குள் போகும்' என்று முதல் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார். அந்த அறிவை எந்த ஆலோசனை நிறுவனமும் விலைக்குத் தர முடியாது.

அதே கம்பெனி, நிலத்தோடு

கம்பெனி என்ற வடிவமே குற்றவாளி என்று நினைத்துவிடக்கூடாது. அகமதாபாத் மாநகராட்சி 1997-இல் சபர்மதி ஆற்றங்கரை வளர்ச்சிக்கென்று தனக்கு மட்டுமே சொந்தமான கம்பெனி ஒன்றைத் தொடங்கியது. கட்டுமானம் 2005-இல் ஆரம்பம், நடைபாதை 2012-இல் திறப்பு. ஆற்றின் இருபுறமும் சுமார் 11 கிலோமீட்டர், ஆற்றுப் படுகையிலிருந்து மீட்ட நிலம் ஏறக்குறைய 200 ஹெக்டேர். அந்த நிலம் மாநில அரசிடமிருந்து மாநகராட்சிக்கு வந்தது. அதில் சிறிய பங்கை விற்றுச் செலவை ஈட்டுவது என்பதே நிதித் திட்டம். நிலம் கையில் இருந்ததால் மத்திய நிதியின் கெடுவுக்காக ஓட வேண்டியிருக்கவில்லை.

அங்கேயும் அதிகாரப் பட்டியலில் ஓர் ஓட்டை இருந்தது. கரையில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடு தருவது கம்பெனியின் திறமைக்குள் இல்லை. 2005-இல் பொதுநல வழக்கு உயர் நீதிமன்றம் போனது. மறுகுடியமர்த்தல் நீதிமன்ற மேற்பார்வையில், மத்திய அரசின் வீட்டுவசதித் திட்டப் பணத்தில், நகரின் பல மூலைகளில் நடந்தது. கரை அழகானது, குடும்பங்களின் பிழைப்பு சிதறியது. மறுகுடியமர்த்தல் பிரிவு முதல் நாளிலிருந்தே அமைப்புக்குள் இருந்திருந்தால் காலமும் மிச்சம், வேதனையும் குறைவு.

அதிகாரம் இல்லாத ஒருங்கிணைப்பாளர்

இன்னொரு வகை, எல்லாத் துறைகளையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரும் அமைப்பு. 1999-இல் தொடங்கிய லிவர்பூல் விஷன் இங்கிலாந்தின் முதல் நகரப் புத்தாக்க நிறுவனம். அதற்கு நிலமும் கிடையாது, அனுமதி அதிகாரமும் கிடையாது. நகர மன்றமும் மற்ற இரண்டு அரசு அமைப்புகளும் பின்னால் நின்று, தங்கள் பணத்தை அது சொன்ன வரிசையில் செலவு செய்ததால் வேலை நடந்தது.

சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையும் இந்த இனம்தான். 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளையாகத் தொடங்கியது. 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவை உருவாக்கி 2011-இல் திறந்தது. தெளிவான எல்லை, ஒரே இடம், அமைப்பின் அளவுக்கு ஏற்ற வேலை. அது நன்றாகவே வந்தது. பிறகு கூவம் சீரமைப்பு: 604 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. கழிவுநீரைத் தடுப்பது குடிநீர் வாரியம், தூர் வாருவது நீர்வளத் துறை, குப்பையும் பூங்காவும் மாநகராட்சி, கரையோரக் குடும்பங்களுக்கு வீடு தருவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஒருங்கிணைப்பாளரால் கூட்டம் கூட்ட முடியும், கடிதம் எழுத முடியும். கழிவுநீர் நிற்காமல் கரையில் நடைபாதை போட்டுப் பயனில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த வரிசையை மற்ற துறைகள் மேல் திணிக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

இந்த வகை அமைப்பை வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள்: முழுப் பணமும் ஒருங்கிணைப்பாளரின் கணக்குக்கு வந்து, துறைகள் வேலை முடித்த அளவுக்கு அதிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். பணம் கையில் இருந்தால் கடிதத்துக்குப் பதில் வரும்.

மக்கள் உள்ளே வாழும்போது

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சிக்கிக்கொள்கின்றன, இங்கேதான் அமைப்பின் தகுதியும் தெரியும்.

அந்த வாழ்விட வாரியத்தின் பழைய அடுக்குமாடி ஒன்றை இடித்துக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு மாடி, 200 சதுர அடிச் சொச்சத்தில் வீடுகள். ஒதுக்கீட்டு ஆணை 1970-களில் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் அதே வீட்டில், இளையவர் மாடிப்படிக்குக் கீழே தகரம் வைத்து மறைத்துத் தனிக்குடித்தனம். மகளுக்கும் பங்கு உண்டு, அவர் வேறு ஊரில். பக்கத்து வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்து விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கியவரிடம் குடும்ப அட்டையும் மின் கட்டண அட்டையும் உண்டு, விற்பனைப் பத்திரம் கிடையாது. அதற்கு அடுத்த வீட்டில் வாடகைதாரர். இந்த மூன்று கதவுக்கும் பின்னால் புது வீடு யாருக்கு?

இதற்குப் பதில் சொல்ல, அந்த வளாகத்திலேயே உட்கார்ந்திருக்கும் அலுவலகம் வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை, வாரிசுச் சான்று, வாடகை கட்டிய ரசீது, குடும்ப அட்டை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பட்டியல் போட வேண்டும். பட்டியலை வளாகச் சுவரில் ஒட்டி, ஆட்சேபணைக்கு நாள் கொடுத்து, தகராறை விசாரித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காதவர் மேல்முறையீடு செய்ய ஓர் இடம் வேண்டும். இதற்கான சட்டப் பின்புலம் 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் கீழ் வாரியத்துக்கு உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அந்த அமைப்புக்கு இதில் ஐம்பதாண்டு அனுபவமும் உண்டு. ஸ்மார்ட் சிட்டி கம்பெனிக்கு இரண்டும் கிடையாது. ஆகவே இருக்கும் இடத்திலேயே மறுகட்டுமானம் என்றால் வாரியமே சரியான கை.

அதே வாரியம்தான் கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் கட்டியது. ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு ஊருக்குள் இடம் கொடுக்க வாரியத்தின் கையில் நிலம் இல்லை, ஊருக்கு வெளியே இருந்தது. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போய்க்கொண்டிருந்த பெண்கள் பேருந்துக்குக் காத்திருந்தே நாளைக் கழித்தார்கள். வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, திட்டப் பகுதிக்கு அருகிலேயே இன்ன நிலம் என்று அளவை எண்ணோடு அரசாணையில் எழுதி வாங்காவிட்டால் இதுதான் மீண்டும் நடக்கும்.

இடைக்காலத் தங்கலும் அமைப்பின் பொறுப்புதான். வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கான கருணைத் தொகை 2021-இல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்ந்தது. ஒரே தவணையில் தரும் தொகை அது. கட்டுமானம் இரண்டாண்டைத் தாண்டினால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. கட்டி முடிக்கும் தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகை தர வேண்டும் என்று அமைப்பின் ஒப்பந்தத்திலேயே இருந்தால், தாமதத்தின் விலை மக்கள் தலையில் விழாது.

தனியார் அடுக்குமாடிகளுக்கு இப்போது வேறு வழி உண்டு. 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். அங்கே உரிமையாளர் சங்கமே செயல்படுத்தும் அமைப்பு. கட்டுபவர் அவர்களின் ஒப்பந்ததாரர் மட்டுமே. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சங்கம் பதிவாவதற்கு முன்பே கட்டுபவருக்குப் பவர் எழுதிக்கொடுப்பவர்கள் அதிகம். செய்யாதீர்கள்.

சம்மதமும் சட்டமும் எப்படிச் சேர வேண்டும் என்பதற்கு ஹாங்காங் நல்ல பாடம். 1988-இல் வந்த நில வளர்ச்சிக் கழகம் ஒவ்வொரு உரிமையாளரோடும் பேரம் பேசி முடித்த பிறகே அரசிடம் நிலம் எடுக்கக் கேட்க முடியும். அதனால் ஒரு கட்டடத்துக்கே ஆண்டுகள் ஓடின. 2001-இல் அதன் இடத்தில் நகரப் புத்தாக்க ஆணையம் வந்தது. நிலம் எடுக்கும் நடைமுறை எளிதானது. கூடவே, தானே குடியிருக்கும் உரிமையாளருக்கு அதே பகுதியில் ஏழாண்டுப் பழைய வீடு வாங்கும் அளவுக்கு இழப்பீடு என்ற அளவுகோலும் வந்தது. அதிகாரத்தைக் கூட்டும்போது இழப்பீட்டையும் சேர்த்துக் கூட்டினார்கள். ஒன்றைக் கூட்டி மற்றதை விட்டால் தெருவில் போராட்டம்தான்.

தனியாரிடம் கொடுப்பது

மும்பையின் பெரிய குடிசைப் பகுதியான தாராவியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது; திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன பல குடும்பங்களின் ஊர் அது. மறுசீரமைப்புத் திட்டம் 2004-இல் ஒப்புதல் பெற்றது. 2018-இல் விடப்பட்ட டெண்டரில் ஒரு நிறுவனம் வென்றது. ஆனால் பக்கத்து ரயில்வே நிலம் திட்டத்துக்குள் வந்ததால் நிதிக் கணக்கு மாறிவிட்டது என்று 2020-இல் அந்த டெண்டர் ரத்தானது, வழக்கானது. மறுபடி 2022-இல் டெண்டர். இப்போதைய கூட்டு நிறுவனத்தில் தனியாருக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. நிலம் எது என்று முடிவாகும் முன்பே ஆளைத் தேடியதன் விலை அந்த இடைப்பட்ட ஆண்டுகள்.

சிறுபான்மைப் பங்குதாரராக அரசு இருக்கும்போது, யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வேறிடம் என்ற முடிவைக் கம்பெனியின் இயக்குநர் குழுவிடம் விடக்கூடாது. அது சட்டபூர்வ அமைப்பிடம் இருக்க வேண்டும். கட்டுவதும் விற்பதும் தனியார் செய்யலாம், தகுதிப் பட்டியலில் அவர்கள் கை படக்கூடாது.

அதே மும்பையில் பெண்டி பஜார் வேறு விதம். 16.5 ஏக்கர், சுமார் 250 பழைய கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். 2009-இல் தாவூதி போரா சமூகத்தின் அறக்கட்டளை ஒன்று பொறுப்பேற்றது. லாபம் எடுக்காத அமைப்பு, மக்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கையுள்ள தலைமை, முன்கூட்டியே கட்டிய இடைக்கால வீடுகள் எல்லாம் ஒன்றாக அமைந்தன. எல்லா ஊரிலும் இப்படிச் செல்வமும் ஒற்றுமையும் கொண்ட சமூகம் இருக்காது என்பதையும் மறக்கக்கூடாது. லண்டன் காயின் ஸ்ட்ரீட்டில் 1984-இல் குடியிருப்பாளர்களின் அமைப்பு 13 ஏக்கரைக் குறைந்த விலைக்கு வாங்க முடிந்ததற்குக் காரணம், பெருநகர மன்றம் அந்த நிலத்தின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்து விலையைக் குறைத்ததுதான். மக்கள் அமைப்பை நம்பினால் நிலத்தையும் அதற்கேற்ற விலையில் தர வேண்டும்.

கட்டுவது மட்டும் போதாத இடம்

சென்னையின் பழைய மொத்த வியாபாரச் சந்தையான கொத்தவால்சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றியதைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கட்டுமான வெற்றியாகப் பலர் சொல்கிறார்கள். சுமார் 295 ஏக்கரைக் கையகப்படுத்தியதும், 3,000-க்கும் மேற்பட்ட கடைகளைக் கட்டியதும் உண்மை. ஆனால் கடை கட்டி வைத்தால் மட்டும் வியாபாரி நகரமாட்டார். 1996-இல் குறிப்பிட்ட சரக்குகளின் மொத்த வியாபாரம் குறிப்பிட்ட இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது, அதே ஆண்டு சந்தை இடம்பெயர்ந்தது. பிறகு பராமரிக்கச் சந்தை மேலாண்மைக் குழு அமைந்தது. நிலம், கட்டடம், சட்டம், பராமரிப்பு என்று நான்குக்கும் ஒவ்வொரு கை இருந்தது. உங்கள் திட்டத்தில் நான்காவது கை யாருடையது என்று இப்போதே எழுதி வையுங்கள்.

அமைப்பு விதிகளில் கட்டாயம் இருக்க வேண்டியவை

கம்பெனி வடிவம்தான் என்று முடிவானால், கம்பெனியை நடத்தும் சங்க விதிகளைப் பட்டயக் கணக்காளர் தரும் மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். மேயரும் அந்தப் பகுதி வார்டு உறுப்பினர்களும் குழுவில் இருக்க வேண்டும். ஆணையரும் நிர்வாக இயக்குநரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. தலைமை அதிகாரிக்குக் குறைந்தது மூன்றாண்டு. ஸ்மார்ட் சிட்டி வழிகாட்டுதலிலும் இது இருந்தது, மாறுதல் ஆணைகள்தான் அதை மதிக்கவில்லை. அயற்பணியில் வரும் பொறியாளர்கள் மொத்தப் பணியாளரில் பாதிக்கு மேல் போனால், அது கம்பெனியாக இயங்காது, இன்னொரு துறையாக மாறிவிடும்.

நிலத்தைக் கம்பெனி பெயருக்கு மாற்றும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. விலக்கு வேண்டுமானால் அரசாணையை முதலிலேயே வாங்க வேண்டும். நிலத்தை விற்று வரும் பணம் தனி எஸ்க்ரோ கணக்கில் (குறித்த நிபந்தனைப்படி மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில்) நின்று, மறுகுடியமர்த்தலுக்கும் பராமரிப்புக்கும் உரிய தொகையைக் கழித்தபின்தான் மற்ற செலவுக்குப் போக வேண்டும்.

முடியும் தேதியும் ஒப்படைப்பும்

டாக்லேண்ட்ஸ் கழகம் ஒரே நாளில் மூடவில்லை. 1994-இலிருந்து 1998 வரை பகுதி பகுதியாக உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அதுதான் சரியான முறை. தொடங்கும் நாளிலேயே முடியும் தேதி, எந்தப் பகுதி எந்த ஆண்டில் யாரிடம் என்ற அட்டவணை இரண்டும் வேண்டும்.

ஒப்படைப்பு என்றால் ரிப்பன் வெட்டிச் சாவி கொடுப்பதில்லை. கட்டி முடித்த நிலையில் குழாயும் கேபிளும் உண்மையில் எந்த ஆழத்தில், எந்த இடத்தில் போகின்றன என்ற வரைபடம். மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் யார் பெயரில் என்ற பட்டியல். கம்பெனி பெயரிலேயே விட்டுவிட்டால் கட்டணம் யார் கட்டுவது என்ற குழப்பத்தில் முதலில் அணைவது பூங்கா விளக்கு. பம்புகளின் உத்தரவாதச் சீட்டு. நடைபாதைக்குப் போட்ட அதே கருங்கல்லில் நூற்றுக்கு மூன்று வீதமாவது கிடங்கில் இருப்பு. இந்தக் கடைசிப் பொருள் சின்னதாகத் தெரியும். ஆனால் மின்வாரியம் கேபிள் பழுதுக்குத் தோண்டிவிட்டு மூடும்போது அந்தக் கல் கையில் இல்லை என்றால் சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள். ஐந்தாண்டில் பாதி நடைபாதை திட்டுத்திட்டாகிவிடும். தோண்டுபவர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், மூடியபின் மாநகராட்சிப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும் என்ற விதியும் ஒப்படைப்புக்கு முன்பே வந்துவிட வேண்டும்.

இப்போது 11 ஸ்மார்ட் சிட்டி கம்பெனிகளும் இதே இடத்தில் நிற்கின்றன. மூட வேண்டும் என்றால், பொறுப்புகள் எல்லாம் தீர்ந்த பிறகே நிறுவனங்களின் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க விண்ணப்பிக்க முடியும்: ஒப்பந்ததாரரின் பிடித்தத் தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம், நிலுவையில் உள்ள நடுவர் தீர்ப்பு வழக்குகள், இவற்றையெல்லாம் மாநகராட்சி பெயருக்கு மாற்றும் தீர்மானம். தொடர வேண்டும் என்றால், இந்தமுறை மாமன்றம் இருக்கிறது. எந்தப் பகுதி, எந்த நிலம், எத்தனை ஆண்டு என்று தீர்மானத்திலேயே எழுதிக்கொடுத்து, அதற்கான நிலப் பட்டியலைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பலாம்.